பேஸ் ஒரு பிராண்ட், கலர் ஒரு பிராண்ட், டாப் ஒரு பிராண்ட்... ஜெல் நெயில் பாலிஷில் இந்த மிக்ஸிங் ஓகேவா?

ரிசப்ஷனுக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. புடவைக்கு மேட்ச்சா மெரூன் கலர்ல ஜெல் நெயில்ஸ் போட்டுக்கலாம்னு பார்லருக்குப் போறீங்க. நெயில் டெக்னீஷியன் நகத்தையெல்லாம் ஷேப் பண்ணிட்டு ஒரு பாட்டிலைத் திறந்து பேஸ் கோட் போடறாங்க. அது ஒரு பிராண்ட். நீங்க ஆசையா செலக்ட் பண்ணின மெரூன், வேற பிராண்ட். கடைசியா பளபளப்புக்குப் போடற டாப் கோட், மூணாவது பிராண்ட். மூணுக்கும் மேசை மேல இருக்கிற ஒரே லேம்ப்தான். நீங்க மிச்சமிருக்கிற கையால ரீல்ஸ் தள்ளிட்டு இருக்கிறதால இதைக் கவனிக்கறதே இல்ல. கவனிச்சாலும், 'இதெல்லாம் கேட்டா ரொம்ப ஓவரா தெரியுமோ'ன்னு விட்டுடறோம்.

தாராளமா கேட்கலாம். ஏன்னா, இதுல விஷயம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, சீக்கிரம் உரிஞ்சு வர்றது. 1,500 ரூபாய் கொடுத்துப் போட்ட நகம் அஞ்சே நாள்ல தூக்கிக்கிட்டா வயிறு எரியும்தான். ஆனா, அது பணத்தோட போற பிரச்னை. இன்னொண்ணு அலர்ஜி. அது ஒருமுறை வந்துட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். நகத்தோடயும் நிக்காது, பல் டாக்டரோட நாற்காலி வரைக்கும் வரும். பிராண்ட் மிக்ஸிங் இந்த ரெண்டோடயும் எப்படித் தொடர்புபடுதுன்னு புரியணும்னா, ஜெல் பாலிஷ் எப்படி இறுகுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்.

காய்வது வேறு... உறைவது வேறு!

சாதாரண நெயில் பாலிஷ் காயறது ரொம்ப சிம்பிள். அதுல இருக்கிற கரைப்பான்கள் காத்துல ஆவியாகிப் போயிடும். மிச்சமிருக்கிற பூச்சு நகத்துல ஒட்டிக்கும். பாட்டிலைத் திறந்ததுமே மூக்கைத் துளைக்குதே, அந்த வாசனை போகப் போக பாலிஷ் காயுதுன்னு அர்த்தம். அதனாலதான் அதுல எந்த பிராண்டை எதோட மிக்ஸ் பண்ணினாலும் பெருசா குடி முழுகிப் போறதில்ல.

ஜெல் பாலிஷ் அப்படிக் காயறதே இல்ல. பாட்டிலுக்குள்ள இருக்கிறது மெத்தாக்ரிலேட், அக்ரிலேட் குடும்பத்தைச் சேர்ந்த சின்னச் சின்ன மூலக்கூறுகள். லேம்ப் வெளிச்சம் பட்டதும் அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து, நீளமான சங்கிலியா, வலையா மாறிடுது. இதைத்தான் பார்லர்ல 'க்யூர்' பண்றதுன்னு சொல்றாங்க.

நம்ம வீட்டு பாஷையில சொன்னா, இது துணி காயற மாதிரி இல்ல. பால் தயிரா உறையற மாதிரி. பாலுக்கு உறைமோர் வேணும், இளஞ்சூடும் வேணும். ரெண்டுல எது குறைஞ்சாலும் என்ன ஆகும்? மேல பார்த்தா ஏடு கட்டி அழகா உறைஞ்ச மாதிரியே இருக்கும். கரண்டியைப் போட்டாதான் உள்ளே தண்ணியா நிக்கறது தெரியும். ஜெல்லுக்கும் ஓர் உறைமோர் உண்டு. அதோட பேர் ஃபோட்டோ இனிஷியேட்டர், அதாவது ஒளித்தூண்டி. இளஞ்சூட்டுக்குப் பதிலா இங்க லேம்ப் வெளிச்சம். அவ்ளோதான் வித்தியாசம்.

சிக்கலும் இங்கதான். எல்லா பிராண்டும் ஒரே ஒளித்தூண்டியைப் போடறதில்ல, ஒரே அளவுலயும் போடறதில்ல. ஒவ்வொரு தூண்டியும் ஒவ்வொரு அலைநீளத்துல இருக்கிற வெளிச்சத்தைத்தான் நல்லா உறிஞ்சும். தனக்கு ஒத்துவராத வெளிச்சத்தை எவ்வளவு நேரம் காட்டினாலும் அரைகுறையாதான் வேலை செய்யும்.

வில்லன் பாட்டில் இல்ல, லேம்ப்!

முன்னாடி பார்லர்கள்ல டியூப் லைட் மாதிரி சின்ன பல்புகள் போட்ட யு.வி லேம்ப்கள் இருந்துச்சு. 9 வாட்ஸ்ல நாலு பல்பு, மொத்தம் 36 வாட்ஸ். ஒவ்வொரு கோட்டுக்கும் கையை ரெண்டு நிமிஷம் உள்ள வெச்சிருக்கணும். அப்புறம் எல்.இ.டி லேம்ப் வந்து அதை 30 செகண்ட், 60 செகண்ட்னு குறைச்சது. இப்போ கிடைக்கிற எல்.இ.டி லேம்ப்கள்ல பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர்னு ரெண்டு அலைநீளத்துல வெளிச்சம் வரும். 'எல்.இ.டி-னா யு.வி கிடையாதுல்ல, சேஃப்தானே?'ன்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. எல்.இ.டி-ங்கிறது விளக்கோட டெக்னாலஜி. அதுலருந்து வர்றதும் யு.வி-ஏ வெளிச்சமும், அதை ஒட்டின ஊதா வெளிச்சமும்தான்.

ஆன்லைன்ல லேம்ப் விக்கறவங்க வாட்ஸ் எண்ணிக்கையைக் கொட்டை எழுத்துல போடறாங்க. 48 வாட்ஸ், 120 வாட்ஸ்... வாட்ஸ்ங்கிறது அந்த லேம்ப் எவ்வளவு கரன்ட் சாப்பிடுதுங்கிற கணக்கு. உங்க நகத்து மேல எந்த அலைநீளத்துல, எவ்வளவு வெளிச்சம் விழுதுங்கிறதை அது சொல்லாது. ரெண்டு 48 வாட்ஸ் லேம்ப் ரெண்டு விதமா வேலை செய்யலாம். போதாததுக்கு, பழைய பல்பு நாளாக நாளாக மங்கிடும். எரியற பல்பைப் பார்த்து அது மங்கிடுச்சான்னு கண்ணால கண்டுபிடிக்கறது கஷ்டம்.

ஒரு நல்ல ஜெல் பிராண்ட், 'எங்க பேஸ், எங்க கலர், எங்க டாப், எங்க லேம்ப், இத்தனை செகண்ட்'னு ஒரு முழு செட்டாதான் டெஸ்ட் பண்ணி விக்குது. 2010-ல சி.என்.டி நிறுவனத்தோட ஷெல்லாக் சந்தைக்கு வந்தப்போ, 14 நாள் தாங்கும்னு சொல்லித்தான் அது பிரபலமாச்சு. ஆனா, அந்த 14 நாள் வாக்குறுதி அந்த பிராண்டோட பேஸ், கலர், டாப் மூணையும் சேர்த்துப் போட்டா மட்டும்தான். அதுல ஒண்ணை உருவிட்டு வேற பாட்டிலைச் செருகினா, அந்தக் கூட்டணியை யாரும் டெஸ்ட் பண்ணினது கிடையாது. உங்க நகம்தான் அந்த டெஸ்ட்.

'இது பிராண்ட்காரங்க சரக்கை வித்துக்கறதுக்காகச் சொல்றதுதானே?'ன்னு ஒரு சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம்தான். எங்க சார்ஜரை மட்டும்தான் போடணும்னு போன் கம்பெனி சொல்றதுல எவ்வளவு வியாபாரம் இருக்கோ, அவ்வளவு இதுலயும் இருக்கு. அதுக்காக அதுல இருக்கிற கெமிஸ்ட்ரி பொய்யாகிடாது.

மிக்ஸ் பண்ணினா நகத்து மேல என்ன நடக்கும்?

ஜெல் க்யூர் ஆனதும் தொட்டுப் பார்த்தா மேல லேசா பிசுபிசுன்னு இருக்கும். அது சரியா இறுகலைன்னு அர்த்தமில்ல. மேல்பரப்புல காத்துல இருக்கிற ஆக்சிஜன் அந்த ரசாயன வினையைத் தடுக்கறதால, மெல்லிசா ஓர் அடுக்கு மட்டும் உறையாம நிக்கும். அடுத்த கோட் பிடிச்சுக்கறதுக்கு அந்தப் பிசுபிசுப்பு உதவியா இருக்கும். கடைசி டாப் கோட்டுக்கு அப்புறம் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சு எடுக்கறாங்களே, அது இந்த அடுக்கைத்தான். துடைக்கவே வேண்டாத 'நோ-வைப்' டாப் கோட்களும் இருக்கு. ஒரு பிராண்டுல இந்தப் பிசுபிசுப்பு அதிகமா இருக்கும், இன்னொண்ணுல குறைவா இருக்கும். ரெண்டும் ஒத்துப் போகலைன்னா கோட்டுக்குக் கோட் பிடிப்பு சரியா இருக்காது.

அடுத்தது வளையற தன்மை. நம்ம நகம் ஒண்ணும் கல்லு இல்ல. பாத்திரம் தேய்க்கும்போது, கதவு திறக்கும்போது, டைப் பண்ணும்போதெல்லாம் கொஞ்சம் வளைஞ்சு நிமிரும். ரப்பர் பேஸ்னு விக்கறது அதுக்கேத்த மாதிரி கூடவே வளையும். அதுக்கு மேல கண்ணாடி மாதிரி விறைப்பான வேற பிராண்ட் டாப் கோட்டைப் போட்டா, கீழே வளையும், மேல வளையாது. முடிவுல மயிரிழை மாதிரி விரிசல் விழும், இல்லைன்னா நுனியில தூக்கும். தூக்கின இடத்துல தண்ணி புகுந்து ஈரம் நின்னா சூடோமோனாஸ்ங்கிற பாக்டீரியா குடியேறி நகம் பச்சையா மாறவும் வாய்ப்பு இருக்கு. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் அது பூஞ்சை இல்ல. அந்தப் பச்சையை மறைக்க மேல இன்னொரு கோட் போடற ஐடியா மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியற கோளாறுகள். ஒரு வகையில இது நல்லதும்கூட. வந்துச்சுன்னா பார்லர்காரங்ககிட்ட காட்டிச் சண்டை போட முடியும். கண்ணுக்குத் தெரியாத கோளாறுதான் நான் முன்னாடி சொன்ன தயிர் விவகாரம். மேல கெட்டியா, பளபளன்னு இருக்கும். அடியில, நகத்தை ஒட்டின பக்கத்துல, சங்கிலியில சேராத மூலக்கூறுகள் அப்படியே தங்கியிருக்கும். ஒரு நகம் தொட்டா கெட்டியா இருக்குங்கிறதை வெச்சு அது முழுசா க்யூர் ஆகிடுச்சுன்னு முடிவு பண்ண முடியாது. நீங்க மட்டுமில்ல, 10 வருஷ அனுபவம் இருக்கிற டெக்னீஷியனும் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது.

'பேஸும் டாப்பும் ஒரே பிராண்ட் போதும், கலர் எதுவா இருந்தா என்ன?'

பார்லர் வட்டாரத்துல ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கிற ஃபார்முலா இது. முழுப் பொய்னு இதைத் தள்ளிட முடியாது. நகத்தோட பிடிச்சுக்கற வேலை பேஸோடது, வெளித்தாக்குதலைத் தாங்கற வேலை டாப்போடது. ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா இருந்தா, உரியற பிரச்னை ஓரளவுக்குக் குறையும்.

ஆனா, க்யூர் ஆகறதுன்னு வந்துட்டா, மூணு அடுக்குலயும் ரொம்ப படுத்தறது நடுவுல இருக்கிற கலர்தான். பேஸும் டாப்பும் தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், வெளிச்சம் சுலபமா அடி வரைக்கும் போகும். கலர்ல நிறமிகள் இருக்கே... அது வெளிச்சத்தை வழியிலயே மடக்கிப் பிடிச்சுக்கும். கறுப்பு, அடர்நீலம், நம்ம மெரூன், இதெல்லாம் சரி. அப்பாவி மாதிரி இருக்கிற வெள்ளைகூட அப்படித்தான். அதுல இருக்கிற டைட்டானியம் டை ஆக்ஸைடு சன் ஸ்கிரீன்ல யு.வி-யைத் தடுக்கப் போடற அதே பொருள். கிளிட்டரும் மெட்டாலிக்கும் வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சுடும். அதனால, 'எந்த லேம்ப், எத்தனை செகண்ட்'ங்கிற கேள்வி மத்த ரெண்டு பாட்டிலைவிட கலர் பாட்டிலுக்குத்தான் ரொம்ப முக்கியம். அந்த ஃபார்முலாவோ கலரைத்தான் 'எதுவா இருந்தா என்ன'ன்னு விட்டுடுது.

ஆக, என் கருத்து இதுதான்: வேற பிராண்ட் கலர் போட்டே ஆகணும்னா, அந்தக் கலர் பாட்டிலோட பிராண்ட் சொல்ற லேம்ப்பும் நேரமும் அந்த பார்லர்ல இருக்கான்னு பார்க்கணும். மெல்லிசா ரெண்டு கோட் போடணும். ஒரே கோட்டுல நல்லா அடர்த்தியா கலர் வரட்டும்னு தடிமனா போட்டா, மேல்பக்கம் இறுகி, அடிப்பக்கம் குழகுழன்னு நின்னு, சுருக்கம் விழும்.

நேரத்தைக் கூட்டி வெச்சா எல்லாம் சரியாகிடுமேன்னு தோணலாம். சில சமயம் உதவும், எப்பவும் உதவாது. தூண்டிக்கு ஒத்துவராத அலைநீளமா இருந்தா நேரம் கூட்டிப் பிரயோஜனம் குறைவு. எதிர்ப்பக்கமும் ஒரு சிக்கல் இருக்கு. வேகமா இறுகற ஜெல்லை அதுக்குத் தேவையானதைவிட பவரான லேம்ப்ல வெச்சா, அந்த ரசாயன வினையில பிறக்கிற சூடு ஒரேயடியா வெளியே வரும். லேம்ப்புக்குள்ள கையை வெச்சதும் நகம் சுரீர்னு எரிஞ்சு கையை வெளியே இழுத்திருக்கீங்களா? அது இதுதான். 'கொஞ்சம் பொறுத்துக்கோங்க, அப்படித்தான் இருக்கும்'னு சொன்னா பொறுத்துக்க வேண்டாம். கையை எடுத்துட்டு, சூடு அடங்கினதும் திரும்ப வைங்க.

இன்னொரு வகை மிக்ஸிங் இருக்கு. கேட்ட ஷேடு இல்லைன்னு ரெண்டு பிராண்ட் பாட்டில்லருந்து ஆளுக்கு ரெண்டு சொட்டு எடுத்து ஃபாயில் மேல குழைச்சுப் புது ஷேடு உருவாக்கறது. ஒரே பிராண்டோட ஒரே சீரிஸுக்குள்ள இப்படிக் குழைச்சா தப்பில்ல. வேற வேற பிராண்டைக் குழைச்சா, அடுக்கடுக்கா போடறதைவிட மோசம். ரெண்டோட உறைமோரும் கலந்து, எது எவ்வளவுன்னு யாருக்குமே தெரியாத ஒரு சரக்கு அது. இதுக்கு என்னோட ஓட்டு, கண்டிப்பா நோ.

ஹேமாவைத் தெரியுமா?

பக்கத்து வீட்டு அக்கா பேர் மாதிரி இருக்குல்ல? ஹைட்ராக்ஸி எத்தில் மெத்தாக்ரிலேட்ங்கிறதோட சுருக்கம்தான் ஹேமா. ஜெல் பாலிஷ்ல, குறிப்பா பேஸ் கோட்ல, நகத்தோட நல்லா ஒட்டிக்கறதுக்காகச் சேர்க்கிறாங்க. ரொம்ப சின்ன மூலக்கூறு. சங்கிலியில கோத்துக்கிட்டா அது யாரையும் தொந்தரவு பண்றதில்ல. கோத்துக்காம தனியா சுத்தறப்போதான், தோல்ல பட்டா உள்ளே நுழைஞ்சுடும். நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி அதை எதிரின்னு முத்திரை குத்தி ஞாபகம் வெச்சுக்கும். அந்த முத்திரை எப்போ விழும்னு சொல்ல முடியாது. சிலருக்கு மூணாவது முறை, சிலருக்கு முப்பதாவது முறை. 'நான் ரெண்டு வருஷமா போடறேன், எனக்கு ஒண்ணுமே ஆகலையே'ங்கிறது இங்க ஒரு பாதுகாப்பு இல்ல.

பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-ல இதைப் பத்தி ஓர் எச்சரிக்கையே விட்டுச்சு. 2017-ல பிரிட்டன், அயர்லாந்துல 13 தோல் மருத்துவப் பிரிவுகள்ல 4,931 பேரைப் பரிசோதிச்சதுல, 2.4 சதவிகிதம் பேருக்கு மெத்தாக்ரிலேட் குடும்பத்துல ஏதாவது ஒரு பொருளுக்காவது அலர்ஜி இருந்துச்சு. பாதிக்கப்பட்டவங்கள்ல ரொம்பப் பெரும்பாலானவங்க பெண்கள். இவங்க எல்லாருமே ஏற்கெனவே தோல் பிரச்னைன்னு டாக்டர்கிட்ட வந்தவங்க. அதனால ஊர்ல 100 பேருக்கு 2 பேருக்கு இருக்குன்னு இதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. ஆனாலும், தோல் மருத்துவர்கள் கவலைப்படற அளவுக்கு இருக்குங்கிறது உண்மை.

அறிகுறி எப்படி இருக்கும்? நகத்தைச் சுத்தி அரிப்பு, சிவப்பு, தோல் உரியறது, விரல்நுனி வெடிக்கறது. சிலருக்கு நகமே சதையை விட்டுத் தூக்கிக்கும். இதைவிடக் குழப்பறது, கண் இமையிலயும் கழுத்துலயும் கன்னத்துலயும் வர்ற தடிப்பு. நாம நாள் முழுக்க முகத்தைத் தொட்டுக்கிட்டேதானே இருக்கோம்? இமை வீங்கினதும் காஜலை மாத்துவோம், ஃபேஸ்வாஷை மாத்துவோம், முட்டையை நிறுத்துவோம். நகத்து மேல சந்தேகம் வரவே வராது. ஒவ்வாமை உடனே வர்றதும் இல்ல. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு நிதானமா வரும். ரெண்டையும் முடிச்சுப் போட இதனாலயே யாருக்கும் தோணறதில்ல.

இப்போ பல் டாக்டர் விஷயத்துக்கு வருவோம். சொத்தைப் பல்லை அடைக்கும்போது, அடைப்பைப் பல்லோட ஒட்ட வைக்கிற பசையில ஹேமா இருக்கறது சகஜம். நீல வெளிச்சம் காட்டி அதையும் க்யூர் பண்றதைப் பார்த்திருப்பீங்க, கிட்டத்தட்ட அதே டெக்னாலஜிதான். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில பயன்படுத்தற எலும்பு சிமென்ட், சர்க்கரை அளவு பார்க்க உடம்புல ஒட்டிக்கற சென்சாரோட பசை, இதுலயும் இந்தக் குடும்பத்துப் பொருள்கள் இருக்கு. 22 வயசுல நகத்தால வாங்கின அலர்ஜி, 55 வயசுல முழங்கால் ஆபரேஷனுக்குப் போறப்போ டாக்டரை யோசிக்க வைக்கலாம்.

பிராண்ட் மிக்ஸிங் இதுல எங்க வருது? ரெண்டு இடத்துல. க்யூர் அரைகுறையானா தனியா சுத்தற மூலக்கூறுகள் அதிகமாகும். இது முதல் விஷயம். ரெண்டாவது, அலர்ஜி வந்த பிறகு எந்தப் பொருளால வந்துச்சுன்னு கண்டுபிடிக்கறது. ஒரே பிராண்டா இருந்தா மூணு லேபிளைப் பார்த்தா போதும். மூணு பிராண்ட், போன தடவை வேற மூணு, நடுவுல குழைச்ச ஒரு ஷேடுன்னா, டாக்டரும் பாவம் என்ன பண்ணுவாங்க?

'ஹேமா ஃப்ரீ'ன்னு போட்ட பாட்டிலை வாங்கினா தீர்ந்துச்சுன்னு நினைக்க வேண்டாம். ஹேமா இல்லைன்னா அதோட சொந்தக்காரங்க யாராவது உள்ளே இருப்பாங்க. ஒண்ணுக்கு அலர்ஜியானவங்களுக்கு மத்ததுக்கும் அலர்ஜியாக நல்லாவே வாய்ப்பு இருக்கு.

இந்த இடத்துல மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவங்களையும் நினைச்சுப் பார்க்கணும். நாம மாசத்துக்கு ஒருமுறை. அவங்க ஒரு நாளைக்கே பல பேருக்குப் போடறாங்க. ஃபைல் பண்ற தூசியில அரைகுறையா உறைஞ்ச ஜெல்லும் இருக்கும். கையில கிளவுஸ் போட்டிருந்தாலும், இந்த அக்ரிலேட்கள் சாதாரண மெல்லிசு கிளவுஸை சில நிமிஷங்கள்லயே ஊடுருவிடும். அடிக்கடி மாத்தினாதான் பலன். இந்த அலர்ஜியால தொழிலையே விட வேண்டிய நிலைமை வர்றது அவங்களுக்குத்தான். 'மிக்ஸ் பண்ணாதீங்க'ன்னு நாம கேட்கறது அவங்க மேல புகார் சொல்றதா ஆகாது. பெரும்பாலும் எந்த பாட்டிலை வாங்கறதுங்கிறதை முடிவு பண்றது அவங்க கிடையாது, முதலாளி.

ஐரோப்பா என்ன பண்ணியிருக்கு?

ஹேமா இருக்கிற நகப் பொருள்களை 2021 முதல் ஐரோப்பிய யூனியன்ல தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் விக்கலாம். அலர்ஜி வரலாம்னு லேபிள்லயே போடணும். வீட்டுல போட்டுக்கறவங்க கைக்கு அது போகக் கூடாதுங்கிறதுதான் நோக்கம். நம்ம ஊர்லயோ லேம்ப்போட சேர்த்து மொத்த கிட்டும் ஆன்லைன்ல ஒரே க்ளிக்ல வந்துடுது. உள்ளங்கை சைஸ்ல ஒரு மினி லேம்ப், லேபிள்ல என்ன எழுதியிருக்குன்னே புரியாத ஆறு பாட்டில். பார்லர் மிக்ஸிங்கைவிட எனக்கு இந்த வீட்டு மிக்ஸிங்தான் அதிக பயம்.

அடுத்து, 2025 செப்டம்பர் 1 முதல் டி.பி.ஓ-ங்கிற ஒளித்தூண்டியை அழகுசாதனப் பொருள்கள்ல சேர்க்க ஐரோப்பிய யூனியன் தடை போட்டிருக்கு. இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடிய பொருள்கள் பட்டியல்ல அது வந்ததால இந்தத் தடை. விலங்குகளுக்கு அதிக அளவுல கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை வெச்சு எடுத்த முடிவு இது. அதனால, போன மாசம் ஜெல் போட்டவங்க பதற வேண்டாம். ஆனா நம்ம மேட்டருக்கு இதுல முக்கியமான ஒரு விஷயம் இருக்கு. அந்தத் தூண்டி ரொம்ப வருஷமா ஜெல்களோட முதுகெலும்பா இருந்தது. அதை எடுத்துட்டு, வேற தூண்டியைப் போட்டுப் புது ஃபார்முலாக்கள் வந்துட்டு இருக்கு. புதுத் தூண்டிக்குப் பழைய லேம்ப்பும் பழைய நேரமும் அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது. ஷெல்ஃப்ல பக்கத்துப் பக்கத்துல நிக்கற ஒரே பிராண்டோட பழைய பாட்டிலும் புது பாட்டிலும்கூட இனிமேல் ரெண்டு வேற பிராண்ட் மாதிரிதான்.

பார்லர்ல என்ன கேட்கலாம்?

பெரிய விசாரணைக் கமிஷன் எல்லாம் வேண்டாம். உட்காரும்போதே சிரிச்ச முகத்தோட, "அக்கா, பேஸ், கலர், டாப் மூணும் ஒரே பிராண்டா? இந்த லேம்ப் அதுக்கு ஒத்து வர்றதா?"ன்னு கேளுங்க. வேலை தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். "இந்த மெரூன் மட்டும் வேற பிராண்ட்மா, ஆனா இதுக்கு இந்த லேம்ப்ல 60 செகண்ட் வைக்கணும்னு போட்டிருக்கு"ன்னு பதில் வந்தா, நம்பி கையைக் கொடுக்கலாம். "எல்லாம் ஒண்ணுதான் மேடம்"னு வந்தா, உங்களுக்குப் பிடிச்ச மெரூனை விட்டுட்டு, அவங்க முழு செட்டா வெச்சிருக்கிற பிராண்ட்ல கிட்டத்தட்ட அதே ஷேடைத் தேடறது நல்லது.

பாட்டிலைக் கையில வாங்கிப் பார்க்கறதும் தப்பில்ல. இந்தியாவுல அழகுசாதனப் பொருள் லேபிள்ல என்னென்ன சேர்த்திருக்காங்க, பேட்ச் எண், எந்தத் தேதிக்குள்ள பயன்படுத்தணும், யார் தயாரிச்சாங்க எல்லாம் இருக்கணும். வெளிநாட்டுச் சரக்குன்னா இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்கணும். ஒரு எழுத்துகூடப் புரியாத வேற்று மொழி மட்டும் இருக்கிற பாட்டில்னா, வேண்டாம்.

அப்புறம், போடும்போது ரீல்ஸைக் கொஞ்சம் நிறுத்திட்டு ரெண்டே விஷயத்தைக் கவனிங்க. தோல் மேல, நகக்கண் ஓரத்துல ஜெல் வழிஞ்சா, லேம்ப்புல வைக்கிறதுக்கு முன்னாடியே துடைக்கச் சொல்லுங்க. அலர்ஜிக்கு முக்கியமான வாசலே அதுதான். இன்னொண்ணு கட்டைவிரல். அஞ்சு விரலையும் சேர்த்து உள்ளே வெச்சா கட்டைவிரல் பக்கவாட்டுல சாய்ஞ்சுதான் நிக்கும். வெளிச்சம் அது மேல நேரா விழாது. நாலு விரலை முதல்ல, கட்டைவிரலைத் தனியா நேரா வெச்சு க்யூர் பண்ணச் சொல்லுங்க. மத்த நாலும் நல்லா இருந்து கட்டைவிரல்ல மட்டும் உரியற மர்மம் பல பேருக்கு இதோட விலகிடும்.

லேம்ப் வெளிச்சத்தால புற்றுநோய் வருமான்னும் கேட்கறாங்க. 2023-ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ ஆய்வாளர்கள், ஆய்வுக்கூடத் தட்டுல வளர்த்த செல்களை 20 நிமிஷம் இந்த மாதிரி லேம்ப்புல வெச்சப்போ 20 முதல் 30 சதவிகித செல்கள் செத்துப் போச்சு, மிச்சம் இருந்ததுல டி.என்.ஏ சேதமும் இருந்துச்சு. தட்டுல இருக்கிற செல் வேற, மேல் தோல் போர்த்தின நம்ம கை வேற. அதோட நாம மொத்தமா வைக்கறது சில நிமிஷம்தான். இருந்தாலும் போறதுக்கு முன்னாடி கைக்கு சன் ஸ்கிரீன் தடவிக்கறது, இல்லைன்னா விரல்நுனி மட்டும் திறந்த கிளவுஸ் போட்டுக்கறது செலவில்லாத பாதுகாப்பு.

எடுக்கறப்பவும் மிக்ஸிங் தன் வேலையைக் காட்டும். மெல்லிசு ஜெல் பாலிஷ் அசிட்டோன்ல 10, 15 நிமிஷம் ஊறினா தானா தளர்ந்துடும். அடியில வேற பிராண்ட் பில்டர் ஜெல் இருந்தா, அதுல சில வகை அசிட்டோனுக்கு அசையவே அசையாது, ஃபைல் பண்ணித்தான் எடுக்கணும். அடியில என்ன போட்டோம்னு ஞாபகம் இல்லாம சுரண்டினா, ஜெல்லோட சேர்ந்து நகத்தோட மேலடுக்கும் வந்துடும். கைவிரல் நகம் மாசத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். மெலிஞ்சுபோன நகம் முழுசா மாறி வர ஆறு மாசம் ஆகும். அதனால போட்டு முடிச்சதும் மூணு பாட்டிலையும் வரிசையா நிக்க வெச்சு போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. நகத்தை எப்படியும் ஸ்டோரிக்குப் போட்டோ எடுக்கத்தானே போறீங்க, கூட ஒண்ணு.

ஏற்கெனவே நகத்தைச் சுத்தியோ இமையிலயோ அரிப்பு இருக்குன்னா, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் பண்ணிடுங்க. 'இந்த பிராண்ட் ஒத்துக்கல, வேற பிராண்ட் மாத்திப் பார்க்கலாம்'ங்கிற முயற்சி வேண்டாம். இருக்கிறதைப் பிச்சு எடுக்காம, ஊற வெச்சு எடுத்துட்டு, அந்த போட்டோவோட தோல் மருத்துவரைப் பாருங்க. முதுகுல சின்னச் சின்ன பேட்ச் ஒட்டி, ரெண்டு நாள் கழிச்சு எடுத்து, அதுக்கப்புறமும் ஒருமுறை பார்த்து எது ஒத்துக்கலைன்னு சொல்லிடுவாங்க. அலர்ஜின்னு உறுதியாச்சுன்னா, அந்த ரிப்போர்ட்டையும் போன்லயே வெச்சிருங்க. அடுத்த தடவை பல் டாக்டர்கிட்ட போறப்போ, வாயைத் திறந்து காட்டறதுக்கு முன்னாடியே அதை எடுத்துக் காட்டிடுங்க.